எந்த உயரத்தில்

பதினொரு டைல்கள்.
சாக்கி நாக்காவில் ஒரு கடையின் பின்பக்கம்
மிச்சச் சரக்கென்று பாதி விலைக்குக் கிடைத்தவை.
கருநீலத்தில் வெள்ளைப் பூ.
மாதுளம்பூ என்றார் கடைக்காரர்.
வெங்காயம் என்றான் செல்லத்துரை, போட்டோவைப் பார்த்து.
ஆட்டோவில் மடியிலேயே வைத்திருந்தேன்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றை எக்கியபடி.

ஆன்டாப் ஹில், ஆறாவது மாடி.
ஐந்தடிக்கு நாலடி பாத்ரூம்.
கதவுச் சுவர் போக மற்ற மூன்றுக்கும்
பதிமூன்று வேண்டும்.
"வாங்கும்போது எண்ணத் தெரியாதா?" என்று
கேட்டிருக்க வேண்டியவன்
நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
ராம்லகன் எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.
ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும்
வாளித் தண்ணீரில் இறக்கினார்.
குமிழ் குமிழாக வந்தது.
"குடிக்கட்டும் பாபி.
தாகத்தோடு ஒட்டினால் சிமெண்டைக் குடித்துவிடும்,
ஆறு மாதத்தில் விழும்."

முதல் வரிசை வெள்ளை, இரண்டாவது வரிசை வெள்ளை,
ரப்பர் சுத்தியலால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு தட்டு,
ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை.
பிறகு கரணையைக் கீழே வைத்தார்.
"பூ எந்த உயரத்தில்?"
எல்லா வீட்டிலும் எந்த உயரமோ அதே உயரத்தில்.
"நாலரை அடி. அது பில்டர் கணக்கு."
காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார்,
என்னைப் பார்க்காமல் சுவரைக் கேட்பதுபோல் கேட்டார்:
"நின்றுகொண்டா குளிக்கிறீர்கள், உட்கார்ந்தா?"

முழங்கால் டாக்டர்
மாடிப்படியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்,
தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதைப் பற்றி,
எடையைப் பற்றி நிறையவே.
இதைக் கேட்டதில்லை.
சாலில் இருந்த பத்தொன்பது வருஷமும்
சமையல் மேடைக்கு அடியில் மோரி,
குறுக்கே ஒரு பழைய நைலான் சேலை,
குந்திய குளியல்.
கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது.
காது மட்டும் தாழ்ப்பாளில்.

ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன்.
புடவையோடு, ஈரத் தரையில்,
வலது காலை நீட்டி உட்கார்ந்தேன்,
குளிப்பதுபோல் அல்ல,
பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல்.
"நேரே பாருங்கள்" என்றார்.
பார்த்தேன். பச்சைச் சிமெண்ட்.
டேப் என் கண்ணுக்கு எதிரில் நின்றது:
மூன்றடி, இரண்டு அங்குலம்.
மூன்றாவது வெள்ளைக்கு மேல் சரியாக உட்கார்ந்துவிடும்.
அந்த வரிசையும் ஏறியபின்
நூலை இழுத்து டப்பென்று விட்டார்.
நீலக்கோடு சுவரில். கொஞ்சம் தூள் என் தோளில்.

குழாய் வரும் இடத்தில்
ஒரு பூவின் பாதியை கிரைண்டர் தின்றது.
குறைந்த இரண்டும் கதவு திறந்தால் மறையும் மூலைக்கு,
வெறும் வெள்ளையாக.
"கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்"
என்றார். சிரித்தாரா தெரியவில்லை,
வாயில் மஞ்சள் நூல் இருந்தது.

சாயங்காலம் எழுந்துவந்த ஐந்தடி பதினொரு அங்குலம்
வாசலில் நின்றபடியே சொன்னது:
"என்னட்டீ இது,
சுவருக்கு அரைஞாண் கட்டுன மாரி?"
உட்கார்ந்து பாருங்கள் என்றேன்.
எதுக்கு என்றான்.
டீ கேட்டான்.

நாலு நாள் நனைக்கக் கூடாது.
கீழ்வீட்டு மராத்திக்காரி பாத்ரூமில்
வாளியோடு போய்க் குளித்தேன்,
அங்கே பில்டர் கணக்குத் திராட்சைக்கொத்து
என் தலைக்கு மேலே எங்கேயோ.

ஐந்தாம் நாள், ஐந்தே காலுக்குத் தண்ணீர் வந்தது.
தாழ்ப்பாள். ஸ்டூல். முதல் சொம்பு.
கண் நேரே போய் நின்ற இடத்தில் பூ,
பக்கத்தில் பூ, பாதிப் பூ,
அப்புறம் கதவோரம் கடைசியில் ஒன்று
மற்றவற்றுக்குத் தலைகீழாக.
சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தேன்.
அது மாதுளம்பூ.
சந்தேகமே இல்லை, இதழும் காம்பும்.
மீதி பத்தும் வெங்காயம்.

ராம்லகனுக்கு போன் போடலாம்.
செல்லத்துரையை எழுப்பலாம்.
தண்ணீர் நிற்க
இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.